நைட்பாட் கட்டளையில் காணாமல் போன கத்திரிக்காய்

சத்துவாச்சாரியில் தம்பி நடத்தும் யூடியூப் நேரலையில், பார்வையாளர்கள் கேட்கும் சாப்பாட்டைக் குறித்துக்கொள்ள சர்வரில் ஒரு பிஹெச்பி ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) ஓடுகிறது. சாட்டில் தட்டுவதை இணைய முகவரியில் சேர்த்து அதற்கு அனுப்புவது நைட்பாட் என்ற சாட் பாட். ஒருவர் "ஆம்பூர் பிரியாணி & கத்திரிக்காய்" என்று தட்டினார்; ஸ்கிரிப்டுக்கு வந்து சேர்ந்தது பிரியாணி மட்டும். கத்திரிக்காய் இல்லாத ஆம்பூர் பிரியாணியை எங்கள் பக்கம் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்!

இணைய முகவரியில் & வந்தால், அங்கிருந்து அடுத்த மாறி (வேறொரு தனி மதிப்பு) தொடங்குகிறது என்று அர்த்தம். சரி என்று, நைட்பாட் கட்டளையில் முகவரியை அழைக்கும் யுஆர்எல்ஃபெட்ச்சுக்குள், தட்டியதை அப்படியே வைக்கும் 'குவெரி' இருந்த இடத்தில் 'குவெரிஸ்ட்ரிங்' போட்டேன். அது & குறியை %26 ஆக்கி அனுப்புகிறது. தமிழும் சிதையாமல் வருகிறது.

அப்புறம், வந்த %26 போன்றவற்றை பிஹெச்பி தானே பழைய எழுத்துக்கு மாற்றி டீகோட் செய்துவிடும். ஸ்கிரிப்டில் நாமும் மறுபடி செய்தால் "இட்லி + வடை"யில் அந்த + வெற்றிடமாகிவிடும். கேட்டவர் பெயரைத் தனியாக அனுப்பத் தேவையில்லை. நைட்பாட் கோரிக்கையோடு சேர்த்து அனுப்பும் நைட்பாட்-யூசர் ஹெட்டரிலேயே (கூடுதல் தகவல் வரி) இருக்கிறது.