மூன்றாம் குஸ்தாவின் ஸ்டாக்ஹோமை இரண்டு நாளில் பார்ப்பது எப்படி

ஸ்டாக்ஹோமில் என் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் வாசா கப்பலையும் அரண்மனையில் காவலர் மாறுவதையும் பார்த்துவிட்டுக் கிளம்பத் தயாராகிவிடுவார்கள். நான் அவர்களிடம் இன்னும் இரண்டு நாள் கேட்டு வாங்கிக்கொள்வேன். 1771 முதல் 1792 வரை ஆண்ட மூன்றாம் குஸ்தாவ் என்ற மன்னரைக் காட்டுவதற்காக. கலையை வளர்த்தவர் என்று சிலர் அவரைக் கொண்டாடுவார்கள், அதிகாரம் முழுவதையும் தன் கைக்குள் கொண்டுவந்தவர் என்று சிலர் சாடுவார்கள். இரண்டையும் அவர் ஒரே நோக்கத்தோடு செய்தார் என்பது என் உறுதியான எண்ணம். கீழே சொல்லும் வரிசையில் பார்த்தால் உங்களுக்கும் அது புலப்படும்.

கிளம்பும் முன் நான்கு ஆண்டுகளை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். 1766இல் ஸ்வீடன் நாடாளுமன்றம் பத்திரிகைச் சுதந்திரத்துக்குச் சட்டம் போட்டது; உலகில் அதுதான் முதல். அப்போது மன்னருக்கு அதிகாரம் மிகக் குறைவு. தொப்பிக் கட்சி, குல்லாய்க் கட்சி என்று இரண்டு அணிகள் மாறி மாறி ஆண்டன. 1772 ஆகஸ்ட் 19 அன்று குஸ்தாவ் படையின் துணையோடு ஆட்சி அதிகாரத்தைத் தன் கைக்குக் கொண்டுவந்தார், ரத்தம் சிந்தவில்லை. இரண்டு நாள் கழித்து, சுற்றிலும் படை நிற்க, நாடாளுமன்றம் அவருடைய புதிய அரசியல் சட்டத்தை ஏற்றது. 1774இல் பத்திரிகைச் சட்டத்தைத் திருத்தி அதன் பல்லைப் பிடுங்கினார். 1789இல் மிச்சமிருந்த தடைகளும் போயின. சரி, இது போதும்.

முதல் நாள் காலை ட்ரோட்னிங்ஹோல்ம் அரண்மனை. கோடையானால் நகரமன்றக் கட்டடத்தின் அருகிலிருந்து படகில் போங்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரம். இல்லையென்றால் மெட்ரோவில் ப்ரொம்மாப்லான் வரை போய், அங்கிருந்து பஸ். அரண்மனையை அப்புறம் பார்க்கலாம், முதலில் பக்கத்தில் இருக்கும் நாடக அரங்குக்குப் போங்கள். உள்ளே வழிகாட்டியோடுதான் விடுவார்கள்.

இது 1766இல் குஸ்தாவின் தாய் லொவிஸா உல்ரிக்கா கட்டச் சொன்னது, கட்டியவர் அடெல்க்ரான்ட்ஸ். சுவர்களில் பளிங்கு போலத் தெரிவது பளிங்கு அல்ல, மரத்தின் மேல் பூசிய வண்ணம். அலங்காரங்களில் பல காகிதக் கூழில் செய்தவை. அதைவிட மேடைக்கு அடியில் இருக்கும் எந்திரத்தைப் பற்றி வழிகாட்டியிடம் விடாமல் கேளுங்கள். கீழே ஆட்கள் ஒரு பெரிய மர உருளையைச் சுற்றினால், மேடையின் இரண்டு பக்கமும் நிற்கும் தட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நகர்ந்து, சில நொடிகளில் காடு அரண்மனையாகிவிடும். திருகு போன்ற உருளைகள் சுழன்று கடல் அலையாகும். கற்கள் போட்ட மரப்பெட்டியை ஆட்டினால் இடி. இவ்வளவும் கயிற்றிலும் மரத்திலும் இன்றும் ஓடுகிறது. 1792இல் மன்னர் சுடப்பட்ட பிறகு அரங்கு பூட்டிக் கிடந்தது, சாமான் போட்டுவைக்கும் இடமாகவும் இருந்தது. 1921இல் ஆக்னெ பெயெர் என்ற ஆய்வாளர் தூசிக்குள்ளிருந்து மீட்டார். பணம் இல்லாமலோ கவனம் இல்லாமலோ யாரும் அதைப் புதுப்பிக்காமல் விட்டதே நமக்குக் கிடைத்த பாக்கியம். முடிந்தால் கோடையில் அங்கே ஒரு ஆபெராவுக்கு, அதாவது இசை நாடகத்துக்கு, டிக்கெட் எடுங்கள். விலை அதிகம்தான், ஆனாலும் எடுங்கள்.

மாலையில் குஸ்தாவ் அடால்ஃப் சதுக்கம். ஒரு பக்கம் வெளியுறவு அமைச்சகம், எதிரே ஆபெரா மாளிகை. இப்போது இருப்பது 1898இல் திறந்தது. குஸ்தாவ் 1782இல் திறந்த மாளிகை 1892இல் இடிக்கப்பட்டது. பட்டத்துக்கு வந்த உடனே பிரெஞ்சு நாடகக் குழுவை அனுப்பிவிட்டு, 1773 ஜனவரியில் ஸ்வீடிஷ் மொழியிலேயே ஆபெரா நடத்தவைத்தவர் அவர். 1786இல் ஸ்வீடிஷ் மொழியைப் பேணும் ஸ்வீடிஷ் அகாதெமியைத் தொடங்கினார். அதே ஆண்டு மேடையேறிய 'குஸ்தாவ் வாசா' ஆபெராவின் கதை அவர் வரைந்தது. டென்மார்க்கைத் துரத்திய பழைய மன்னரின் பெருமை அது. பார்க்கிறவர்கள் இப்போதைய குஸ்தாவை நினைத்துக்கொள்வார்கள். மொழியை வளர்த்தார், உண்மை. எந்தக் கதை மேடையேற வேண்டும் என்பதையும் அவரே பார்த்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் ஹாகா பூங்கா, நகரின் வடக்கு ஓரம். செப்புக் கூடாரங்களை எல்லோரும் படம் எடுப்பார்கள்: தகட்டில் வண்ணம் பூசி, துணிக் கூடாரம் போலச் செய்தவை. வடிவமைத்தவர் லூயி ஜான் தெப்ரே. அவரை குஸ்தாவ் இத்தாலியிலிருந்து கூட்டிவந்ததே ஆபெராவுக்குத் திரைக்காட்சி வரையத்தான். அங்கிருந்து மரங்களுக்குள் நடந்து, தொடங்கி நின்றுபோன பெரிய அரண்மனையின் அஸ்திவாரத்தைக் கட்டாயம் பாருங்கள். அதன் அளவைப் பார்த்தால்தான் அவர் என்ன கனவு கண்டார் என்று தெரியும்.

அந்தக் கனவுக்குப் பணம் எங்கே? 1788இல் ரஷ்யாவோடு போர் தொடங்கினார். நாடாளுமன்றத்தைக் கேட்காமல் தாக்குதல் போர் தொடுக்க அவருடைய சட்டமே இடம் தரவில்லை. அதனால் ரஷ்யர்கள் முதலில் தாக்கியதுபோல எல்லையில் ஒரு காட்சி நடத்தப்பட்டது. அதற்கு வேண்டிய ரஷ்ய உடைகளை ஆபெராவின் தையற்காரர்தான் தைத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. பிரபுக் குல அதிகாரிகள் எதிர்த்துச் சதி செய்தார்கள். குஸ்தாவ் பாதிரியார்கள், நகரத்தார், விவசாயிகள் ஆகியோரைத் தன் பக்கம் இழுத்து, பிரபுக்களின் தலைவர்களைக் கைது செய்து, தன் மேல் மிச்சமிருந்த தடைகளை நீக்கும் 1789இன் சட்டத்தை நிறைவேற்றினார். பிரபுக்களின் தனிச்சலுகை பல போயின. விவசாயிகளுக்கு நிலம் வாங்கும் உரிமை விரிந்தது. சாதாரண மக்களுக்கு நன்மை கிடைத்தது என்பதை மறைக்கக் கூடாது. ஷெப்ஸ்புரோன் கரையில் செர்கெல் வடித்த அவருடைய சிலை நிற்கிறதே, அதை வைத்தவர்கள் நகரத்து வணிகர்கள்.

மதியம் அரண்மனையின் நிலவறையில் இருக்கும் ஆயுத அருங்காட்சியகம், லிவ்ருஸ்ட்கம்மாரென். 1792 மார்ச் 16 இரவு, ஆபெரா மாளிகையில் முகமூடி நடனம். போகாதீர்கள் என்று ஒரு பெயரில்லாக் கடிதம் வந்திருந்தது, மன்னர் கேட்கவில்லை. முகமூடி போட்டும் மார்பில் இருந்த விருதுச் சின்னம் அவரைக் காட்டிக்கொடுத்தது. ஆங்கர்ஸ்ட்ரோம் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி பின்னாலிருந்து சுட்டார். தரையில் விட்டுப்போன துப்பாக்கியை நகரத்துத் துப்பாக்கிக் கொல்லர் ஒருவர் அடையாளம் காட்ட, மறுநாளே பிடிபட்டார். மன்னர் மார்ச் 29 அன்று இறந்தார். அவர் அன்று போட்டிருந்த உடை கண்ணாடிக்குள் இருக்கிறது. முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நகராமல், சுற்றிப் போய் முதுகுப் பக்கத்தையும் பாருங்கள்.

நேரம் மிஞ்சினால் ஸ்டூர்டொர்யெட் சதுக்கத்தில் 1778இல் கட்டிய பங்குச் சந்தைக் கட்டடம். அகாதெமி கூடுவது அங்கேதான்.

குளிர்காலத்தில் வருகிறவர்கள் வரிசையை மாற்ற வேண்டும். ட்ரோட்னிங்ஹோல்முக்கு முக்கியப் படகு ஓட்டம் கோடையில்தான், அரங்கின் நேரமும் குறைந்துவிடும். கிளம்பும் முன் இணையதளத்தில் பாருங்கள். ஹாகாவில் மன்னரின் மாளிகையும் கோடையில்தான் திறக்கும், பூங்காவில் நடக்கத் தடையில்லை. அப்படியானால் ஆயுத அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள், ஹாகாவுக்கு வழுக்காத காலணி போட்டுக்கொண்டு, மாலை மூன்று மணிக்கு முன்பே போய்விடுங்கள். டிசம்பரில் அதற்குமேல் வெளிச்சம் இருக்காது.