எல்.பி. ஸ்கூல் லேபுக்கு என்ன மென்பொருள் போடலாம்? ஒரு வாரம் சத்தம் வராமல் திண்டாடியவன் எழுதுவது

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் எல்.பி. ஸ்கூல், அதாவது ஒன்று முதல் நாலாம் வகுப்பு வரை உள்ள பள்ளி. லேபில் எட்டு பழைய கணினிகள், நெட் கிடையாது. "நீங்கதான் இதெல்லாம் தெரிஞ்ச ஆளு, பிள்ளைகளுக்கு ஏதாவது போட்டுக் குடுங்க" என்று டீச்சர் சொன்னதும் சரி என்று தலையாட்டிவிட்டேன். உபுண்டு லினக்ஸ் என்ற இயங்குதளம் ஏற்கெனவே இருந்தது, அதனால் அதை நிறுவுவது பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

முதல் வேலை, பாடப்புத்தகத்தைப் புரட்டுவது. கேரளத்தில் தொடக்க வகுப்புகளுக்குக் 'களிப்பெட்டி' என்று ஐ.டி. புத்தகமே இருக்கிறது. அதில் என்ன கேட்கிறார்கள் என்று பார்க்காமல் மென்பொருள் தேடப் போகாதீர்கள். விற்க வருகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: "தமிழில் ஓட்டிக் காட்டுங்க." எங்களிடம் வந்தவர் மெனுவை மட்டும் தமிழில் மாற்றிவிட்டு, உள்ளே ஆங்கில ரைம்ஸ் போட்டுக் காட்டினார். அதற்கு வருஷா வருஷம் பணம் வேறு.

என் தேர்வு இரண்டுதான், இரண்டும் இலவசம். ஒன்று ஜிகாம்ப்ரி (GCompris), சின்னப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டே படிக்கும் மென்பொருள். பிரெஞ்சில் 'எனக்குப் புரிந்தது' என்பதை ஒட்டி வைத்த பெயர், 2000-இல் தொடங்கிய திட்டம். மவுஸ் பிடிப்பதிலிருந்து கூட்டல் கழித்தல் வரை நூறுக்கும் மேற்பட்ட பயிற்சிகள். இரண்டாவது, படம் வரைய டக்ஸ் பெயின்ட். கட்டங்களை அடுக்கி நிரல் எழுதப் பழக்கும் ஸ்க்ராட்ச் நல்லதுதான், ஆனால் அது எட்டு வயதுக்கு மேல். நாலாம் வகுப்புக்குப் பார்க்கலாம், ஒன்றாம் வகுப்பில் வேண்டாம்.

இப்போது நான் மாட்டிக்கொண்ட இடம். ஜிகாம்ப்ரியை எட்டிலும் நிறுவி மொழியைத் தமிழாக்கினேன், எழுத்தெல்லாம் அழகாக வந்தது. மறுநாள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்தால் ஒரு குரலும் இல்லை. எழுத்தே இன்னும் படிக்கத் தெரியாத பிள்ளைக்குத் திரையில் தமிழ் இருந்து என்ன பயன்? ஸ்பீக்கரை மாற்றினேன், வயரை ஆட்டினேன், சவுண்ட் செட்டிங்கை எல்லாம் குடைந்தேன். கடைசியில் பார்த்தால், குரல் கோப்புகள் மொழிவாரியாகத் தனியே நெட்டிலிருந்து இறங்க வேண்டுமாம், நெட் இல்லாத லேபில் அது எங்கே இறங்கும்! ஆகவே ஒரு கணினியை மட்டும் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, ஜிகாம்ப்ரியின் அமைப்புப் பக்கத்தில் மொழியைத் தேர்ந்தெடுத்து, அந்த மொழிக்குக் குரல் இருந்தால் இறக்குங்கள். அது பயனரின் ஹோம் கோப்புறைக்குள் கேஷ் (.cache) என்ற மறைந்த கோப்புறையில் போய் உட்காரும், சாதாரணமாகக் கண்ணில் படாது. ஹோம் கோப்புறையைத் திறந்து Ctrl, H இரண்டையும் சேர்த்து அழுத்தினால் தெரியும். அங்கிருந்து ஜிகாம்ப்ரி கோப்புறையைப் பென்டிரைவில் எடுத்து மற்ற கணினிகளில் அதே இடத்தில் போடுங்கள். பிள்ளைகள் வேறு பயனர் பெயரில் நுழைகிறார்கள் என்றால் அந்தப் பயனரின் கோப்புறையில்தான் போட வேண்டும். எனக்கு இன்னொரு நாள் போனது இதில்தான்.

அடுத்து, அதே அமைப்பில் நட்சத்திரக் கணக்கில் கடினத்தைக் குறைத்து வையுங்கள். ஆறு வயது வரைக்கும் முதல் மூன்று நட்சத்திரம் போதும்.

தமிழ்த் தட்டச்சுக்கு என் ஓட்டு தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்புக்குத்தான். இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய். ம-வை இரண்டு தடவை தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழும், அப்புறம் ஆ தட்டினால் 'மா'. 'அம்மா' எழுத ஒரு தமிழ்ப் பிள்ளையை ஆங்கில எழுத்துத் தேட வைக்கும் முறை எனக்கு ஒப்பவே இல்லை. பாமினி என்ற பழைய எழுத்துரு வேண்டவே வேண்டாம், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் இல்லாததால், அந்த எழுத்துரு இல்லாத வேறு கணினியில் திறந்தால் எழுத்து குப்பையாகிவிடும்.

பின்சேர்க்கை 1: மூணாறிலிருந்து ஒரு டீச்சர் கேட்டிருந்தார், எட்டு ஸ்பீக்கரும் ஒன்றாகக் கத்தினால் என்ன செய்வது என்று. ஹெட்போன்தான் வழி. நாங்கள் ஒரு கணினிக்கு இரண்டு ஹெட்போன் மாட்டும் பிரிப்பான் வாங்கினோம், விலை அதிகமில்லை.

பின்சேர்க்கை 2: பிள்ளைகள் வெளியேறும் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறார்கள் என்று இன்னும் இரண்டு பேர் எழுதினார்கள். ஜிகாம்ப்ரியைக் கியோஸ்க் முறையில் திறந்தால் அந்தப் பொத்தான் மறைந்துவிடும். அமைப்புப் பொத்தானும் கூடவே மறையும் என்பதால் மொழி, குரல், நட்சத்திரம் எல்லாவற்றையும் முடித்துவிட்டு அப்புறம் இதைச் செய்யுங்கள்.