ஜன்னலைக் கதவாக்க மேசன் பாஸ் எழுதித் தரும் சாமான் கணக்கு சரிதானா?

எங்கள் குசினி ஜன்னலை உடைத்து, பின்பக்கம் போக ஒரு கதவு வைக்க வேண்டியிருந்தது. மேசன் பாஸ் எழுதித் தந்த துண்டில் சீமெந்து 8 மூட்டை, மணல் அரை கியூப், புளொக் கல் 40 என்று இருந்தது. நான் ஹட்டன் டவுனில் இரண்டு ஹார்ட்வெயார் கடை ஏறி இறங்கி விலை விசாரித்தேன், பாஸ் போட்ட விலையில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு ராத்திரி மெஷர் டேப்பை எடுத்து ஜன்னலை அளந்தபோதுதான் விஷயம் புரிந்தது.

ஜன்னல் 4 அடி அகலம், தரையிலிருந்து 3 அடி உயரத்தில் தொடங்கி 7 அடியில் முடிகிறது. வைக்கப்போகும் கதவு 3 அடி அகலம். அப்படியானால் புதிதாகக் கட்ட வேண்டிய சுவர் எவ்வளவு? ஜன்னல் இருந்த இடத்தில் ஓரமாக 1 அடி அகலம், 4 அடி உயரம், அதாவது 4 சதுர அடி. கீழே ஏற்கெனவே சுவர் இருக்கிறது, அதில் 3 அடி அகலத்தை வெட்டி எடுக்கத்தான் போகிறோம். 16க்கு 8 அங்குல புளொக் கல் என்றால் 5 கல் போதும், உடைசலுக்கு இன்னும் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். வெட்டி எடுக்கும் பகுதியிலிருந்தே நான்கைந்து கல் முழுசாகக் கிடைக்கலாம். 40 கல் எங்கே போகும்?

சீமெந்தையும் மணலையும் எப்போதும் சேர்த்தே பாருங்கள். 50 கிலோ மூட்டை ஒன்றில் ஏறக்குறைய ஒன்றேகால் கன அடி சீமெந்து இருக்கும். பூச்சுக்கு ஒரு பங்கு சீமெந்துக்கு ஐந்து பங்கு மணல் கலவை என்றால் மூட்டைக்கு ஆறேகால் கன அடி மணல். ஒரு கியூப் 100 கன அடி. ஆக 8 மூட்டைக்கு 50 கன அடி, சரியாக அரை கியூப்! பாஸின் கணக்கு அவருக்குள்ளே அழகாகப் பொருந்துகிறது, எங்கள் கதவுக்குத்தான் பொருந்தவில்லை. கட்டு, பூச்சு, வாசல்படி எல்லாம் சேர்த்து 2 மூட்டை தாராளம். அதற்கு மணல் வெறும் சீமெந்துப் பையில் அளந்தால் பத்துப் பை. "மிஞ்சினா வச்சிக்கங்க தம்பி, பிறகு உதவும்" என்றார் பாஸ். நம்ம பக்க மழைக்கும் பனிக்கும் மிஞ்சின சீமெந்து இரண்டு மாதத்தில் கல்லாகிவிடும், அது யாருக்கு உதவும்?

அப்புறம் லின்டல், அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்கும் கொங்கிரீட் கட்டை. கதவு பழைய ஜன்னலை விட அகலம் இல்லை, உயரமும் கூடவில்லை என்றால் மேலே இருக்கிற லின்டலே தாங்கும். அப்போது துண்டில் கம்பியும் கருங்கல் சல்லியும் இருந்தால் எதற்கு என்று கேளுங்கள். கதவு அகலமாகிறது என்றால் மட்டும் இதில் மிச்சம் பிடிக்கப் போகாதீர்கள், புது லின்டல் இரு பக்கமும் 6 அங்குலமாவது சுவரில் உட்கார வேண்டும். பழைய லயத்துக் கருங்கல் சுவர் என்றால் இந்தக் கணக்கு எதுவும் சரிவராது. மேலே முட்டுக் கொடுக்காமல் வெட்டினால் சுவரே சரியும், அதனால் முட்டு மரத்துக்குப் போடும் காசு நியாயமானது. தோட்டத்து வீடென்றால் முதலில் துரையிடம் (தோட்ட மனேஜரிடம்) அனுமதி கேட்டுவிடுங்கள்.

நிலை மரத்தைக் கன அடியில் கேளுங்கள். 4க்கு 3 அங்குல மரம், இரண்டு கால் 7 அடி, மேல்கட்டை மூன்றரை அடி, மொத்தம் பதினேழரை அடி. அது ஒன்றரைக் கன அடிக்குள் அடங்கும். கழிவுக்குக் கொஞ்சம் கூட்டலாம், இரட்டிப்பாகக் கூடாது. மரத்தின் பெயரையும் துண்டில் எழுத வையுங்கள், "நல்ல மரம்" என்று மட்டும் எழுதியிருந்தால் பலாவும் வரும், டர்பன்டைன் மரமும் வரும்.

சந்தேகப்படக் கூடாத செலவும் உண்டு. லொறி ரோட்டோடு நின்றுவிடும், அங்கிருந்து படியேறித் தலைச்சுமையாகத் தூக்க ஆள் வேண்டும். சரிவில் இருக்கிற வீட்டுக்குக் கதவுக்கு வெளியே தரை இரண்டடி கீழே கிடக்கும், அங்கே படி கட்டத்தான் வேண்டும். எங்கள் பாஸ் அதை எழுதவே மறந்திருந்தார், நான்தான் சேர்க்கச் சொன்னேன். இடித்த கல்லெல்லாம் அந்தப் படிக்குள்ளேயே போய்விட்டது.

யாராவது சாமான் விலைக்கு மேல் 18 வீதம் வாட் என்று தனியாகப் போட்டால், வாட் பதிவு இலக்கம் உள்ள பில்லைக் காட்டச் சொல்லுங்கள். பதிவு இல்லாதவர் அதை அறவிட முடியாது.

கடைசியாக, கழற்றின ஜன்னல். கண்ணாடியும் கிரில்லும் பலகையும் உங்களுடையது. பாஸ் எடுத்துக்கொள்வதாக இருந்தால் அதற்கு ஒரு விலை பேசிக் கணக்கில் கழிக்கச் சொல்லுங்கள். நான் கொடுக்கவில்லை, எங்கள் கோழிக்கூட்டுக்கு இப்போது கண்ணாடி ஜன்னல்.