செங்காந்தள் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத்தில் தமிழர்களாகிய நாம் கார்த்திகைப்பூ என்றும் மலையாளிகள் மேந்தோன்னி என்றும் அழைக்கும் செங்காந்தள், வேலியில் தானாகப் படர்ந்து தேன்சிட்டுகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் வரவழைக்கும் கொடியாகும். வீட்டில் வைத்தால் அது பெரும்பாலும் அக்கறைக் குறைவால் அல்ல, அளவுக்கு மீறிய பராமரிப்பால்தான் அழிகிறது.

பூத்து முடிந்து தண்டு காய்ந்ததும், செடி பட்டுப்போயிற்று என்று கிழங்கைத் தோண்டி எறிவது அல்லது பிழைக்கட்டும் என்று நாள்தோறும் தண்ணீர் ஊற்றுவது முதல் தவறு. உறங்கும் கிழங்குக்கு ஈரமே பகை. அதிலும் சித்தூர்ப் பக்கத்துக் கரிசல் மண் நீரை விடாமல் பிடித்துக்கொள்வதால், மணலும் சரளையும் கலந்து மேடாக்கி நடுவதே நல்லது. தொட்டியில் இருப்பதை அடுத்த மழைக்காலம் வரை தாழ்வாரத்தில் ஒதுக்கி வைக்கலாம்.

கவைபோல இரண்டாகப் பிரியும் கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கிறது. எளிதில் முறியும் அந்த நுனியை உடைத்துவிட்டு முளைக்கவில்லையே என்று காத்திருப்பதில் பயனில்லை. கிழங்கைப் படுக்கைவாக்கில் வைத்து 2 அங்குல மண்ணால் மூடினால் போதும்.

இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிக் கொடியைத் தூக்குகிறது. அச்சிறு சுருளால் தடித்த மூங்கிலைப் பற்ற முடியாது. காய்ந்த முள்குச்சியோ மெல்லிய கம்பியோ ஊன்ற வேண்டும்.

கறுப்பும் வெள்ளையும் சிவப்புமான புழுக்கள் இலைகளைத் தின்னும்போது மருந்தடிப்பது மிக மோசமான தவறு. பக்கவாட்டில் விரிந்து நிற்கும் மகரந்தப்பைகளை உரசிக்கொண்டு தேன் குடிக்க வரும் பூச்சிகளுக்கும் அந்த மருந்து எமன். எனவே புழுக்களைக் குச்சியால் எடுத்து அகற்றுங்கள். காட்டுக் கிழங்கைப் பெயர்த்து வருவதும் வேண்டாம். விதையிலிருந்து பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும் என்பதால் நாற்றங்காலில் வளர்த்த கிழங்கை வாங்கலாம்.

செடி முழுவதும், குறிப்பாகக் கிழங்கும் விதையும், கொல்லும் நஞ்சுடையவை. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே கையுறையுடன் கையாளுங்கள். குழந்தைக்கும் ஆடுமாட்டுக்கும் எட்டாத இடத்தில் நடுங்கள். சமையலுக்கான கிழங்குகளுடன் ஒரே கூடையில் வைத்துவிடாதீர்கள்.