போலி இதழிடமிருந்து கட்டுரையை மீட்டது எப்படி?

என் ஆய்வு மாணவி ஓர் ஆய்விதழுக்குக் கட்டுரையை அனுப்பிய மறுநாளே ஏற்புக் கடிதம் வந்தது. மதிப்பீட்டாளரின் கருத்து ஒரு வரிகூட இல்லை. கட்டண விவரம் மட்டும் விரிவாக இருந்தது. இதழின் ஐஎஸ்எஸ்என் (ISSN) எண் சரியானதுதான். ஆனால் அது வெளியீட்டை அடையாளம் காட்டும் எண்ணே தவிர, தரச்சான்று அல்ல. ஐஎஸ்எஸ்என் இணையதளத்தில் தேடினால், இதழின் இணைய முகவரியே வேறு! நல்ல இதழ் ஒன்றின் பெயரைத் திருடிய நகல் தளம் அது. ஆசிரியர் குழுவில் காட்டப்பட்ட பேராசிரியருக்கு அவருடைய பல்கலைக்கழக முகவரியில் எழுதினோம். தம் பெயர் அங்கிருப்பதே அவருக்குத் தெரியாது.

பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திடவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதினோம். அதற்கும் கட்டணம் கேட்டு மிரட்டினார்கள், அநியாயம்! கொடுக்கவில்லை. கடிதங்களைப் பத்திரப்படுத்தி, நடந்ததை விளக்கி உண்மையான இதழுக்கே கட்டுரையை அனுப்பினோம்.