விஷுவல் நாவலில் கிளைகளைப் பிரித்தபடியே விட்டுவிடாதீர்கள்

விஷுவல் நாவல் என்பது படமும் வசனமுமாகப் படித்துக்கொண்டே போகும் கதை விளையாட்டு; ஆடுபவர் எதைத் தேர்கிறாரோ அதன்படி கதை கிளை பிரியும். ஒரு தேர்வில் இரண்டு வழி கொடுத்தால், வழிக்கு ஒரு காட்சி கழித்துக் கதையை ஒரே இடத்தில் சேர்த்துவிடுங்கள்; எதைத் தேர்ந்தார் என்பதை மட்டும் ஒரு மாறியில் (நிரல் நினைவில் வைக்கும் மதிப்பு) வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்காமல் விட்டால் ஐந்து தேர்வுக்கு 62 காட்சி (2+4+8+16+32) எழுத வேண்டும், ஒவ்வொரு தடவையும் சேர்த்தால் கிளைக்காட்சி பத்துதான். எழுதி மாளாமல் விளையாட்டு பாதியில் நிற்க இந்தக் கணக்கே போதும்.

ஆனால் தேர்வு வீணாகவில்லை என்று ஆடுபவருக்குத் தெரிய வேண்டும். பாம்பன் பையன் ஒருவன் கடலுக்குப் போகிறானா, வலை பின்னக் கரையில் நிற்கிறானா என்று கேட்டீர்கள் என்றால், மறுநாள் இரண்டு வழியிலும் அதே ஏலக்கூடம்தான். போனவனிடம் சம்மாட்டி (படகு முதலாளி), "கைய காட்டு, கயிறு அறுத்துருக்கா?" என்பார், நின்றவனிடம் முகம் கொடுக்க மாட்டார். ஒரு வரி போதும்.

எரிச்சல் வருவது தோற்பதால் அல்ல, காரணம் தெரியாமல் தோற்பதால். படகு கவிழப்போகிறது என்றால், துறைமுகத்தில் 3-ம் எண் புயல் கூண்டு ஏறியதைத் தேர்வுக்கு முன்பே பின்னணிப் படத்தில் காட்டிவிடுங்கள். ரென்பை என்ற விஷுவல் நாவல் மென்பொருளில் செய்தால் பின்னோக்கிப் போகும் வசதியும், படித்த வசனத்தைத் தாண்டும் வசதியும் கூடவே வரும். அதை அணைக்காதீர்கள்.

பத்து நிமிடக் கதைக்கு இப்படிக் கிளைகளைச் சேர்க்க வேண்டாம், அங்கே கிளைகள் தனித்தனியாக முடியட்டும். 1964 தனுஷ்கோடிப் புயலில் கடலுக்குள் போன ரயில் மாதிரி, எதைச் செய்தாலும் தப்ப முடியாத கதைக்கும் பொருந்தாது. அதில் தேர்வே கொடுக்காமல் இருப்பது நேர்மை.