எட்டயபுரம் போகும் முன் வாசற்படியில் ஒரு ஒத்திகை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து முழங்கால் வலிக்கார அம்மாவை எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போகத் திட்டமா? டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று பதிந்துவிடுங்கள். விமான நிலையம் சுலபம்தான். சிக்கலே வீட்டு வாசலில்தான்.

கிராமத்துப் பழைய வீடுகளில் திண்ணைக்குப் படி, உள்ளே நுழைய நிலைப்படி. கதவும் குறுகல். நாற்காலியின் முழு அகலத்தை, கைச்சக்கரத்தோடு சேர்த்து, இங்கேயே அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 60 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். நாங்கள் தோட்டத்து லயத்து வீட்டு வாசற்படியில் ஒரு வாரம் பழகினோம்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், கைத்தடி எப்போதும் வலிக்கிற காலோடு சேர்ந்தே நகரவேண்டும். அம்மா மூன்றாம் நாளே பிடித்துக்கொண்டார், எனக்குத்தான் குழம்பியது.

செருப்பைக் கழற்றச் சொன்னால் வழுக்கும் காலுறையோடு நடக்கவேண்டாம், வெறுங்காலே மேல். மடக்கு ஸ்டூல் ஒன்று கையில் இருக்கட்டும். அப்புறம், அது மிகப் பழைய கட்டடம். பழுதுபார்ப்புக்காக மூடியிருக்கிறதா என்று கிளம்பும் முன் விசாரியுங்கள். மூடியிருந்தால் அதே ஊரில் 1947இல் திறந்த பாரதி மணிமண்டபம் இருக்கிறது.